இரண்டு லிட்டர் வெதுவெதுப்பு

எங்கள் டெக்சாஸ் வீட்டில் மொத்தம் ஏழு குழாய்கள். அந்தத் திங்கட்கிழமை காலையில் ஏழும் சொட்டிக்கொண்டிருந்தன. சமையலறையில் அண்டாவுக்குள் ஒரு சத்தம், கீழ்க் குளியலறையில் பிளாஸ்டிக் வாளிக்குள் வேறு சத்தம், மாடியில் பிரஷர் குக்கருக்குள் மணி அடிப்பது போல இன்னொன்று.

சொட்டவிடச் சொன்னது எங்கள் மகள். நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவேயில் இருக்கிறாள். முந்தின நாளே போனில் மிரட்டியிருந்தாள். "அப்பா, எல்லா டாப்பும் லைட்டா ஓப்பன் பண்ணி விடுங்க. தண்ணி ஓடிட்டே இருந்தா பைப் ஃப்ரீஸ் ஆகாது. டோன்ட் க்ளோஸ் இட், ஓகே?"

சொட்டுகிற தண்ணீரைச் சாக்கடைக்கு விட என் மனைவி மாலதிக்கு மனம் வரவில்லை. வீட்டிலிருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்துக் குழாய்களுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

விடிவதற்கு முன்பே கரண்ட் போயிருந்தது. கூடத்துத் தெர்மாமீட்டர் நாற்பத்தொன்பது ஃபாரன்ஹீட் காட்டியது. நம் ஊர்க் கணக்கில் ஒன்பது டிகிரிக்குச் சற்று மேல். வெளியே ஃபாரன்ஹீட்டிலேயே ஒற்றை இலக்கம்.

தேதியும் மணியும் என் நோட்டில் இருக்கின்றன. ஆனால் "தேதியெல்லாம் எதற்கு, என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்" என்று இந்த இதழின் ஆசிரியர் இந்தத் தொடரின் முதல் வாரமே சொல்லிவிட்டார். எனவே, கொரோனா தடுப்பூசிக்கு வரிசைகள் தொடங்கியிருந்த பிப்ரவரி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சன்னலில் நின்று தெருவைப் பார்த்தேன். பனி மூடிய தெருவில் இரண்டு உருவங்கள் ஆளுக்கொரு பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தன. இந்தியாவுக்குப் போகும்போது எடுத்துப் போவோமே, அந்த அளவுப் பெட்டிகள்.

கதவைத் திறந்தேன். செல்வராஜும் அவர் மனைவி கோகிலாவும். மூன்று வீடு தள்ளி இருப்பவர்கள், கோபிசெட்டிபாளையத்துக்காரர்கள். கொரோனாக் காலம் முழுக்க வேறு யாரையும் பார்க்காமல் அவர்களும் நாங்களும் மட்டுமே போக்குவரத்து வைத்திருந்தோம்.

"ஊருக்குக் கிளம்பிட்டோம்னு நெனச்சுராதீங்கண்ணா" என்றார் செல்வராஜ். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"பேசாம உள்ள போங்க" என்று அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினார் கோகிலா. "அண்ணா, எங்க வீட்டுல எல்லாமே கரண்டுங்க. அடுப்புகூட. உங்க வீட்டுல கேஸ் அடுப்பு இருக்குது, கேஸ் கணப்பு இருக்குது. அதான் வந்துட்டோம். இவருக்கு மெஷின் நின்னு போச்சுங்க."

அந்தப் பெட்டிகளுக்குள் ஒரு துணிகூட இல்லை.

நியூ ஜெர்சி சொல்லிக்கொடுத்தது

பெட்டியைத் திறப்பதற்கு முன் என் அசட்டு இறுமாப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் அமெரிக்காவில் முதலில் குடியேறியது பிஸ்கட்டவேயில். முதல் குளிர்காலத்தில் ஒரு காலை, காரின் முன்கண்ணாடி முழுக்க வெண்பனி. வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒரு பாத்திரம் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினேன். கண்ணாடி இடமிருந்து வலமாக ஒரே கோடாக விரிசல் விட்டது. பக்கத்து அபார்ட்மெண்ட்டுப் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிக்கவில்லை. உள்ளே போய், நீளக் கைப்பிடி வைத்த சுரண்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

நியூ ஜெர்சிக்காரர்களிடம் எனக்குப் பிடித்தது அதுதான். குளிரைப் பற்றிப் புலம்ப மாட்டார்கள். பனி கொட்டிய காலையில் அலாரம் வைத்ததுபோல எல்லா வீட்டு வாசலிலும் மண்வாரிச் சத்தம் கேட்கும். தன் வாசல் பனியைத் தள்ளியதும், முதியவர் தனியாக இருக்கும் வீட்டு வாசல் பனியையும் ஒருவர் தள்ளிவிட்டுப் போவார். யார் என்று கடைசிவரை தெரியாது.

பத்துக்கும் மேற்பட்ட குளிர்காலங்கள் அங்கே கழித்தபின் எனக்குக் குளிர் தெரியும் என்று நம்பத் தொடங்கினேன். டெக்சாஸில் அந்தக் குளிருக்கு முந்தின வாரம் எங்கள் தெருத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பதறியபோது, "இதெல்லாம் ஜெர்சில ஸ்வெட்டர் வெதர்" என்று எழுதியவன் நான்.

ஜெர்சியில் வீடுகளுக்கே குளிர் தெரியும் என்பதை நான் மறந்திருந்தேன். தண்ணீர்க் குழாய்கள் உள்சுவருக்குள் பத்திரமாக இருக்கும், அடித்தளத்தில் ஹீட்டர் உறுமிக்கொண்டிருக்கும். டெக்சாஸில் வீட்டை வெயிலுக்காகக் கட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் மாடிக்குப் போகும் குழாய், கூரைக்குக் கீழே போர்வையில்லாமல் படுத்திருந்தது.

சேலை கட்டிய கறிவேப்பிலை

இடையில் சில வருடங்கள் சான் ஹோசேயில் இருந்தோம். அங்கே குளிரே கிடையாது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.

பழைய வீடு, ஒற்றைக் கண்ணாடி சன்னல், சுவரில் பேருக்கு ஒரு ஹீட்டர். வெளியே பல்லைக் கடித்துக்கொள்ளும் குளிர் இல்லை என்பதால் உள்ளே யாரும் எதுவும் செய்து வைக்கவில்லை. ஜெர்சி வீட்டில் பனியன் போட்டுக்கொண்டு டீ குடித்த நான், சான் ஹோசே வீட்டில் குல்லாய் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் தட்டினேன்.

ஆனால் அங்கேயும் ஒரு சாமர்த்தியம் பார்த்தேன். ஜனவரியில் உறைபனி விழும் என்று செய்தி வந்தால், பக்கத்து ஊரான குபெர்டினோவில் நம்மவர் வீட்டுப் பின்கட்டுகளில் கறிவேப்பிலைச் செடிகள் சேலை கட்டிக்கொள்ளும். பழைய நைலெக்ஸ், மங்கிய வாயில் சேலை, ஒருமுறை ஜரிகை வைத்த பட்டுகூட. உள்ளே கிறிஸ்துமஸ் பல்பு மாலை ஒன்றைச் சுற்றி எரியவிட்டிருப்பார்கள். அந்தச் சூடு செடிக்குப் போதும். காலையில் சேலையை அவிழ்த்தால் ஓர் இலைகூடக் கருகியிருக்காது.

இருக்கிற சின்னச் சூட்டைச் சிதறவிடாமல் ஒன்றின்மேல் பிடித்து வைக்கும் வித்தை அது. அதைவிடப் பெரிய அளவில் அதே வித்தையைப் பிறகு கோகிலாவிடம் பார்த்தேன்.

பெட்டிக்குள் இருந்தது

செல்வராஜுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பட்டியலில் காத்திருந்தார். அதுவரை வீட்டிலேயே வயிற்றின் வழியாக டயாலிசிஸ். வயிற்றில் நிரந்தரமாக ஒரு மெல்லிய குழாய். அதன் வழியாக இரண்டு லிட்டர் மருந்து நீரை உள்ளே இறக்கி, சில மணி நேரம் வைத்திருந்து வெளியே வடிக்க வேண்டும். உடம்பின் கழிவு அதோடு வந்துவிடும். தினமும் அவர் தூங்கும்போது ஒரு மெஷின் அதைச் செய்துவந்தது.

மெஷின் நின்றுபோனால் கையால் செய்யலாம், ஒரு நாளைக்கு நான்கு முறை. கோகிலா இரண்டுக்கும் பயிற்சி எடுத்திருந்தார். பெட்டிகளுக்குள் இருந்தவை அந்த மருந்து நீர்ப் பைகள்.

சிக்கல் என்னவென்றால் அந்தப் பைகள் கோகிலாவின் வீட்டுக் கராஜில் கிடந்து சில்லிட்டிருந்தன. அந்த நீர் உடம்புச் சூட்டில்தான் உள்ளே போக வேண்டும்.

"அவ்வளவுதானே, வெந்நீர் வெச்சு அதுல போட்டுட்டா?" என்று மாலதி அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

"வேண்டாங்கக்கா. தண்ணியில போடவே கூடாதுன்னு நர்ஸ் சொல்லிருக்காங்க. மூடிப் பக்கம் ஒரு சொட்டு ஈரம் போனாப் போதும், கிருமி நேரா வயித்துக்குள்ள போயிரும். காஞ்ச சூடாத்தான் இருக்கோணும்."

காரின் சீட் ஹீட்டர் நினைவுக்கு வந்தது. காரைக் கராஜுக்குள் ஓடவிட்டால் புகை வீட்டுக்குள் வந்து எல்லோரையும் முடித்துவிடும், வெளியே எடுக்க வேண்டும். கரண்ட் இல்லாமல் கராஜ் கதவு திறக்காது. மோட்டாரை விடுவிக்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கையால் தூக்க வேண்டும். நான் இரண்டு முறை தூக்கிப் பார்த்து முதுகைப் பிடித்துக்கொண்டேன். கோகிலா சேலையை இடுப்பில் செருகுவது போல ஜாக்கெட்டைச் செருகிக்கொண்டு ஒரே மூச்சில் தூக்கிவிட்டார்.

டவலில் சுற்றிய பை முன் சீட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்தது. ஆனால் காரில் கால் டேங்க் பெட்ரோல்தான் இருந்தது. பெட்ரோல் பங்க்குகளும் மூடிக் கிடந்தன. செல்வராஜை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி ஆகிவிட்டால் அதற்கு வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டோம்.

பை பாதிதான் சூடேறியிருந்தது. நேரமாகிவிட்டதென்று அதையே இறக்கினார்கள். நீர் உள்ளே போகப் போக செல்வராஜின் உதடு நீலமானது. சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார், உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது. மூன்று போர்வை போர்த்திக் கணப்பின் முன்னால் உட்காரவைத்தும் நடுக்கம் நிற்க ஒரு மணி நேரமானது.

 கோகிலா அடுத்த பையை எடுத்தார். மாலதியிடம் ஒரு துண்டு வாங்கினார். ஸ்வெட்டரைத் தூக்கி, பையை வயிற்றோடு சேர்த்துத் துண்டால் இறுகக் கட்டி, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டார்.

"அய்யோ, ஐஸ் மாதிரி இருக்கு" என்றாள் மாலதி தொட்டுப் பார்த்து.

"எனக்குச் சில்லுன்னா அவருக்குச் சில்லுன்னு இருக்காதுங்கல்ல" என்றார் கோகிலா.

முறை

இரண்டரை மணி நேரம் அந்தப் பையோடு நடமாடினார். சாதம் வடித்தார், ரசம் வைத்தார். செல்வராஜுக்குப் பேச்சு திரும்பியிருந்தது.

"ஏன் கோகிலா, ஏழாம் மாசம் மாதிரி இருக்குதே. வளைகாப்புப் போட்டுரலாமா?"

"போடுவீங்க போடுவீங்க. வளையல் வாங்கக் கடை திறந்திருக்குதான்னு பாருங்க மொதல்ல."

கோகிலா பையை அவிழ்த்து உள்மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார், குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பது போல. இன்னும் அரைமணி என்று மறுபடி கட்டினார். இந்த முறை நீர் இறங்கியபோது செல்வராஜின் முகம் மாறவில்லை. "தெரியவே இல்ல கோகிலா" என்றார்.

ஒரு நாளைக்கு நான்கு பை. ஒவ்வொன்றுக்கும் மூன்று மணி நேரம். ஒரே வயிறு தாங்காது என்று மாலதி அடுத்த பையை வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்கடுத்தது எனக்கு வந்தது. முதல் பத்து நிமிடம் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. பிறகு, எந்த இடத்தில் என் சூடு முடிந்து அதன் சூடு தொடங்குகிறது என்று தெரியாமல் போனது.

கோகிலாவிடம் ஒரு நோட்டு இருந்தது. நேரம், உள்ளே போனது, வெளியே வந்தது, நிறம், காய்ச்சல். ஐந்து கட்டம். அத்தனை சுத்தமான பதிவேட்டை நான் பார்த்ததில்லை. அந்தக் குளிரில், கை விறைத்துப்போன நேரத்திலும், ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை.

நிறம் பார்க்க அவர் ஒரு முறை வைத்திருந்தார். வடிந்த நீர் கலங்கியிருந்தால் உள்ளே கிருமி பாய்ந்துவிட்டது என்று பொருள். எழுத்தின்மேல் பையை வைத்துப் படித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் நர்ஸ். எங்கள் சமையலறையில் இந்தியக் கடையில் கொடுத்த தினசரி காலண்டர் தொங்கியது. அதில் அடியில் பொடி எழுத்தில் ராசிபலன் இருக்குமல்லவா, ராசிக்கு ஒரு வார்த்தை, அந்த வரியின் மேல் பையைப் பிடிப்பார். "இதைவிடச் சின்ன எழுத்து உங்க வீட்டுல இல்லீங்கண்ணா. இதைப் படிச்சா எதையும் படிச்சுரலாம்."

ஏழு குழாய்கள்

செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் கொஞ்சம் வெயில் வந்தது. கூரையில் பட்டது. மாடிக் குளியலறையில் ஏதோ சரிந்த சத்தம் கேட்டு ஓடினேன். உட்கூரை ஒரு மூலையில் பிய்ந்து தொங்க, இரவில் உறைந்து வெடித்த குழாயில் ஐஸ் உருகி, தண்ணீர் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு டேல் என்ற முதியவர், டெக்சாஸிலேயே பிறந்தவர், நான் வாசலில் நின்று கத்தியதைக் கேட்டு வந்தார். கையில் டி வடிவத்தில் நீள இரும்புக் கம்பி. நடைபாதையோரத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர் வால்வின் மூடியைத் திறந்து கம்பியை விட்டு ஒரு திருப்பு. கொட்டுவது நின்றது. அரைமணி கழித்துத் தன் நீச்சல் குளத்திலிருந்து இரண்டு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். கழிவறைக்கு ஆகும் என்றார். நன்றி சொல்ல இடமே கொடுக்கவில்லை. ஜெர்சிப் பெரியவரும் இவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, ஆனால் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

அப்போதுதான் கோகிலா கேட்டார். "சொட்டிட்டிருந்தா ஒறையாதுன்னு பாப்பா சொல்லுச்சுங்களே. அப்புறம் எப்படி?"

நான் ஒப்புக்கொண்டேன். முந்தின நாள் மாலை நாலரைக்கு, மாடியில் ஒரு குழாயை மூடியவன் நான். குக்கர் நிரம்பி வழிந்தது. தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய சென்னைக்காரனின் கை அது. என்னைக் கேட்காமலே மூடிவிட்டது.

மாலதி என்னை முறைத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கிச்சன்ல நானும் மூடிட்டேன். அண்டா ரொம்பிடுச்சு. மனசு கேக்கல" என்றாள்.

"கீழ பாத்ரூம்ல சத்தம் கேட்டுட்டே இருந்துச்சுங்க. யாரோ மறந்துட்டாங்கன்னு நெனச்சு நான் மூடிட்டேன்" என்றார் செல்வராஜ். ஆயிரம் அடி போர் போட்டும் காற்று மட்டும் வந்த தோட்டத்துக்காரர்.

எல்லோரும் கோகிலாவைப் பார்த்தோம்.

"நான் மூணு மூடினேனுங்க" என்றார்.

கூரை பிய்ந்து கிடக்கிறது, நாங்கள் நால்வரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஏழாவது குழாயை மூடியது யார் என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அடுத்தது புரிந்தது. ஒவ்வொரு முறை பை மாற்றும்போதும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அதுதான் முதல் விதி. கோகிலா கிளினிக்குக்குப் போன் பண்ணினார். காய்ச்சல், வயிற்றுவலி, கலங்கல், மூன்றில் ஒன்று வந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்றார் நர்ஸ். தெரு முழுக்கக் கண்ணாடிபோல ஐஸ். ஆம்புலன்ஸ் எப்போது வரும் என்று நாங்கள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

"கொழாய் ஓடலீனா என்னங்க, சொம்பு ஓடும்" என்றார் கோகிலா.

சாக்கடைக்கு விட மனமில்லாமல் மாலதி பிடித்துவைத்த தண்ணீர் ஒன்பது பாத்திரங்களில் இருந்தது. கொதிக்கவைத்து ஆறவைத்தோம். கோகிலா சிங்க்கின் மேல் கையை நீட்டி நிற்க, மாலதி சொம்பைச் சாய்த்து நூல்போல ஊற்றுவாள். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. பிறகு முகக்கவசம். அவர் பையை இணைக்கும் அந்த ஒரு நிமிடம் நாங்கள் யாரும் மூச்சுகூட விடமாட்டோம். தண்ணீர் அளந்துதான் ஊற்றினோம். குடிக்கக் குறைத்துக்கொண்டோம். கைக்குக் குறைக்கவில்லை.

அப்படி இரண்டு நாள்.

கலங்கலா, இல்லையா

வியாழக்கிழமை மதியம் கரண்ட் வந்தது. தெருவே கைதட்டியது. கூரை பிய்ந்த எங்கள் வீட்டில் தண்ணீர் வர இன்னும் வாரங்கள் ஆகும் என்று தெரிந்தது. செல்வராஜ் வீட்டில் குழாய்கள் எப்படியோ தப்பியிருந்தன. எனவே பெட்டிகளை இழுத்துக்கொண்டு இந்த முறை நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனோம்.

கோகிலா மட்டும் கைதட்டவில்லை. கிருமி உள்ளே போயிருந்தால் வெளியே காட்ட நாளாகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். இன்னும் சில நாள் கவனமாகப் பாருங்கள் என்றார். வெள்ளி, சனி இரண்டு நாளும் கோகிலா தூங்கியதாக எனக்குத் தெரியவில்லை. செல்வராஜின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார், மறுபடி தொட்டுப் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் காப்பியோடு கூடத்துக்கு வந்தபோது, கோகிலா சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் நோட்டு. விரலிடுக்கில் பேனா.

படுக்கையறையிலிருந்து செல்வராஜ் வந்தார். கையில் வடிந்த நீர்ப் பை. இதுநாள்வரை அதை அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. எல்லாம் கோகிலாவின் கைதான். அவளை எழுப்பாதீர்கள் என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டு, சமையலறைக்கு வரச் சொன்னார். அவர்கள் சுவரிலும் அதே கடைக் காலண்டர்.

"நீங்க தாளப் பிடிங்கண்ணா. எனக்குப் பையைப் பிடிக்க ரெண்டு கையும் வேணும்."

அன்றைய தாளின் அடியை இழுத்துப் பிடித்தேன். அவர் அதன்மேல் பையை வைத்தார். குனிந்தார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, முதல் வகுப்புப் பையன் போல ஒவ்வொன்றாக வாசித்தார்.

"மேஷம், ஆதாயம். ரிஷபம், பயணம். மிதுனம், தாமதம்..."

ஓர் எழுத்தும் மங்கவில்லை. கடகம், சிம்மம் என்று வந்தவர் நின்றுவிட்டார்.

"என்னாச்சு?" என்றேன்.

"கன்னி, என்னோட ராசிங்க. கவலைன்னு போட்டிருக்குது."

சோபாவிலிருந்து குரல் வந்தது. கண் திறந்திருக்கவில்லை.

"அது கெடக்குது. படிக்க முடியுதுங்களா?"

"முடியுது கோகிலா. நல்லாத் தெரியுது."

"அப்பச் சரி" என்று சொல்லி, சோபாவில் முதல்முறையாகக் காலை நீட்டிப் படுத்தார்.